சோம்பலும் மந்தமும் ஒன்றல்ல: ஆங்கிலச் சொற்களின் பொருள் நுட்பம்

ஆங்கில–தமிழ் அகராதியில் 'லெதார்ஜி' என்னும் சொல்லைத் தேடினால் 'சோம்பல், மந்தம்' என்னும் பொருளைக் காண்கிறோம். 'டோர்ப்பர்' என்பதற்கும் மந்தம் என்றே பொருள் கிடைக்கின்றது. 'ஸ்லகிஷ்' என்றால் மந்தமான. 'டல்' என்றாலும் மந்தமான. 'ஸ்லோத்' என்றால் சோம்பல். ஐந்து ஆங்கிலச் சொற்கள் இரண்டே தமிழ்ச் சொற்களுக்குள் வந்து அடங்கிவிடுகின்றன. இதனைக் காணும் மாணவர், இவை யாவும் ஒரே பொருளுக்குரிய பல பெயர்கள் என்றும், கட்டுரையில் எதனை வேண்டுமானாலும் எடுத்தாளலாம் என்றும் முடிவு செய்வது இயல்பே.

தேர்வுத் தாளில் இதனால் இழப்பது ஒன்றிரண்டு மதிப்பெண்கள்தாம். ஆனால் இச்சொற்கள் மனிதரைப் பற்றியவை. தேர்ச்சி அறிக்கையில் ஆசிரியர் எழுதும் ஒரு வரியிலும், பிள்ளையைப் பற்றிப் பெற்றோர் உறவினரிடம் கூறும் ஒரு பேச்சிலும், மருத்துவரிடம் நோயாளியின் நிலையை எடுத்துரைக்கும் வேளையிலும் இவை இடம்பெறுகின்றன. சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் நம் பிள்ளைகள் இரண்டு மூன்று மொழிகளுக்கிடையே வளர்கின்றனர். பள்ளியில் ஒரு மொழியில் சொல்லப்பட்ட கருத்து வீட்டில் வேறொரு மொழியில் புரிந்துகொள்ளப்படுகின்றது. அந்த வழியில் 'களைத்திருக்கிறான்' என்பது 'சோம்பேறி' என்றும், 'நேரம் எடுத்துக்கொள்கிறாள்' என்பது 'மந்தபுத்தி' என்றும் மாறிவிடக்கூடும். ஆகவே இச்சொற்களின் வேறுபாட்டை அறிவதில் மொழிப்பயிற்சியோடு பிள்ளைகளுக்கு நாம் செய்ய வேண்டிய நீதியும் அடங்கியுள்ளது.

நான்கு வினாக்கள்

ஒத்த பொருளுடைய சொற்களைப் பிரித்தறிய அகராதி மட்டும் போதாது. ஒவ்வொரு சொல்லையும் நோக்கி நாம் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும்.

முதலாவது, இடம். தளர்ச்சி எங்கே இருக்கின்றது? உடலிலா, உணர்ச்சியிலா, ஊக்கத்திலா, அறிவிலா?

இரண்டாவது, காரணம். நோயா, உழைப்பால் வந்த களைப்பா, தட்பவெப்பமா, விருப்பமின்மையா? அல்லது காரணத்தையே அச்சொல் கூறாமல் விடுகின்றதா?

மூன்றாவது, காலம். இன்று இருந்து நாளை நீங்கும் நிலையா, ஒருவரின் நிலைத்த இயல்பா?

நான்காவது, பழி. அச்சொல் நிலையை மட்டும் கூறுகின்றதா, குற்றமும் சாட்டுகின்றதா?

இந்நான்கில் நான்காவதே மிகவும் நுட்பமானது. முதல் மூன்றில் தவறினால் நம் வாக்கியம் பொருந்தாமல் போகும். நான்காவதில் தவறினால் குற்றமற்ற ஒருவர்மீது பழி விழும். இவ்வினாக்களைத் துணைக்கொண்டு சொற்களை மூன்று தொகுதிகளாகக் காண்போம்.

உடலைப் பற்றிய சொற்கள்

'லெதார்ஜி' கிரேக்க மொழியிலிருந்து வந்த சொல். மறதியைக் குறிக்கும் 'லேதே' என்பதும், செயலற்ற என்று பொருள்படும் 'ஆர்கோஸ்' என்பதும் இணைந்து உருவானது. கிரேக்கப் புராணத்தில் இறந்தோர் உலகில் ஓடும் மறதி ஆற்றுக்கும் லேதே என்றே பெயர். பண்டைக் கிரேக்க மருத்துவர்கள் மிகையான உறக்கத்தை உண்டாக்கும் ஒரு நோய்க்கு இச்சொல்லின் மூலத்தைப் பெயராக வழங்கினர். எனவே பிறப்பிலேயே இது மருத்துவச் சொல். இன்றும் இரும்புச்சத்துக் குறைவு, தைராய்டு சுரப்புக் குறைவு, உறக்கக் குறைவு ஆகியவற்றின் அறிகுறியாக மருத்துவர்கள் இதனைக் குறிப்பிடுகின்றனர். 'லெதார்ஜி' என்னும் சொல்லைக் கேட்டால் ஆங்கிலம் அறிந்தவர் முதலில் எண்ணுவது காரணத்தை. 'ஏன் இப்படி இருக்கிறாய், உடம்புக்கு என்ன?' என்று கேட்கத் தூண்டும் சொல் அது. தமிழில் இதற்கு அசதி, அயர்வு என்பன நெருங்கி வரும்; சோம்பல் என்பது பொருந்தாது.

'லாசிட்யூட்' களைப்பைக் குறிக்கும் இலத்தீனச் சொல்லின் வழி வந்தது. உழைப்பாலோ கவலையாலோ வெப்பத்தாலோ ஆற்றல் வற்றிப்போன நிலையை இது குறிக்கும். 'லாங்கர்' என்பதும் இலத்தீனத்தில் தளர்ச்சியையே குறித்தது. எனினும் ஆங்கிலக் கவிஞர்களின் கையில் அது இனிமை கலந்த சொல்லாக மாறியது. நண்பகல் வெயிலில் மர நிழலில் கண் செருகக் கிடக்கும் இன்பமான தளர்ச்சியை 'லாங்கர்' எனலாம். இரவுப்பணி முடிந்து வீடு திரும்பும் தாதியின் களைப்பை அவ்வாறு கூறினால் நகைப்புக்கிடமாகும்; அது 'லாசிட்யூட்'.

'டோர்ப்பர்' இன்னும் ஆழமான நிலை. விறைத்து உணர்விழத்தலைக் குறிக்கும் இலத்தீன வினையிலிருந்து பிறந்தது. தொட்டவரின் கையை மரத்துப்போகச் செய்யும் மின்திருக்கை மீனுக்கு 'டார்ப்பிடோ' என்னும் பெயர் அமைந்தது இவ்வேரினாலேயே. கடற்போர்க் கருவி அப்பெயரைப் பின்னர்ப் பெற்றது. உயிரியலில் 'டோர்ப்பர்' ஒரு கலைச்சொல். அமெரிக்கக் கண்டங்களில் வாழும் ரீங்காரச் சிட்டுகள் குளிர்ந்த இரவில் உடல் வெப்பத்தையும் இதயத் துடிப்பையும் வெகுவாகக் குறைத்துக்கொண்டு அசையாமல் இருக்கின்றன. வௌவால்களில் சில இனங்களும் அவ்வாறே செய்கின்றன. உண்ட உணவின் ஆற்றல் விடியும்வரை போதுமானதாக இருக்க வேண்டும் என்பதற்காக இயற்கை அளித்த ஏற்பாடு அது. அந்தப் பறவையைச் சோம்பேறி என்று யாரும் கூறார்.

'ஸ்டூப்பர்' என்பது திகைப்பால் உறைந்துபோதலைக் குறிக்கும் இலத்தீனச் சொல். மருத்துவத்தில், வன்மையாகத் தூண்டினால் மட்டுமே சற்று விழிப்புறும் நிலைக்கு இப்பெயர். அதனைத் தாண்டினால் ஆழ்மயக்கம். நோயாளியைப் பற்றி மருத்துவரிடம் கூறும்போது 'லெதார்ஜி' என்பதற்கும் 'ஸ்டூப்பர்' என்பதற்கும் இடையே உள்ள தொலைவு, காலையில் மருந்தகம் செல்வதற்கும் உடனே அவசர மருத்துவ வண்டியை அழைப்பதற்கும் இடையே உள்ள தொலைவாகும்.

இத்தொகுதிச் சொற்கள் எதிலும் பழி இல்லை என்பதை நாம் கருத்தில் கொள்ள வேண்டும்.

ஊக்கத்தைப் பற்றிய சொற்கள்

இரண்டாம் தொகுதியில் பழி நுழைகின்றது. 'ஸ்லோத்' என்னும் சொல்லின் அமைப்பு எளியது. மெதுவான என்று பொருள்படும் 'ஸ்லோ' என்பதோடு, 'வார்ம்' என்பதிலிருந்து 'வார்ம்த்' உருவாவதைப்போல, ஒரு விகுதி சேர்ந்தது. சொல்லளவில் அது மெதுவாயிருத்தல் மட்டுமே. ஆனால் கிறித்தவ மரபின் ஏழு பெரும்பாவங்களுள் ஒன்றற்கு ஆங்கிலத்தில் இப்பெயர் வழங்கியதால், மெதுவாயிருத்தல் பாவமாகிவிட்டது. அப்பாவத்தின் மூலச்சொல்லோ 'அக்கீடியா'. அக்கறையின்மை என்பது அதன் பொருள். 4-ஆம் நூற்றாண்டில் எகிப்தியப் பாலைவனத்தில் வாழ்ந்த எவாகிரியுஸ் என்னும் துறவி, நண்பகலில் துறவியரைப் பற்றும் மனச்சலிப்பாக அதனை விளக்கினார். கதிரவன் நகரவில்லையோ என்று தோன்றும். மேற்கொண்ட பணி வெறுக்கும். வேறெங்காவது போய்விட மனம் தவிக்கும். உடல் நலமாயிருந்தும் உள்ளம் தன் கடமையிலிருந்து விலகிப்போகும் நிலை அது.

அப்பாவத்தின் பெயரை ஐரோப்பியர் ஒரு விலங்குக்கும் சூட்டினர். நடு அமெரிக்காவிலும் தென்னமெரிக்காவிலும் மரக்கிளைகளில் தலைகீழாகத் தொங்கி வாழும் ஸ்லோத், சத்துக் குறைந்த இலைகளை உண்கின்றது. அதற்கேற்ப அதன் உடலின் இயக்கம் மெதுவாக அமைந்துள்ளது. மெதுவாக இருப்பதாலேயே அது பிழைத்திருக்கின்றது. இப்பெயர் அடுத்து வேறொரு விலங்கின்மீதும் ஏறியது. இந்தியாவிலும் இலங்கையிலும் வாழும் கரடியின் நீண்ட நகங்களையும் பல்லமைப்பையும் கண்ட ஆங்கிலேய விலங்கியலாளர் ஜார்ஜ் ஷா, அதனை ஸ்லோத்தின் இனம் எனக் கருதி 1791-இல் பெயரிட்டார். பின்னர் அது கரடியே என்பது தெளிவாயிற்று. அறிவியற்பெயர் திருத்தப்பட்டபோதும் ஆங்கிலத்தில் அது இன்றளவும் 'ஸ்லோத் கரடி' எனவே அழைக்கப்படுகின்றது. அக்கரடியோ மனிதரை எளிதில் துரத்திப் பிடிக்கும் வேகமுடையது. ஒருமுறை சூட்டப்பட்ட பெயர், தவறென்று மெய்ப்பிக்கப்பட்ட பிறகும் நிலைத்துவிடும் என்பதற்கு இதனைவிட நல்ல சான்று வேண்டுவதில்லை.

'ஸ்லகிஷ்' என்னும் சொல் ஓடில்லா நத்தையைக் குறிக்கும் 'ஸ்லக்' என்பதிலிருந்து வந்தது என்று பலரும் எண்ணுவர். வரலாறு அதற்கு நேர்மாறானது. 'ஸ்லக்' முதலில் சோம்பேறி மனிதரைக் குறித்தது. நத்தைக்கு அப்பெயர் வழங்கியது மிகப் பின்னரே. இன்று 'ஸ்லகிஷ்' பெரும்பாலும் இயக்கத்தின் மெதுவைக் குறிக்கின்றது. ஆற்றின் ஓட்டம், பொருளியல், கணினி, வயிறு எல்லாம் 'ஸ்லகிஷ்' ஆகலாம். பழி பெரிதும் தேய்ந்துவிட்டது.

'லேஸி', 'ஐடில்', 'இண்டலென்ட்' ஆகிய மூன்றையும் அருகருகே வைத்துக் காண்போம். 'லேஸி' செய்ய இயன்றும் செய்ய மனமில்லாதவரைக் குறிக்கும் நேரடியான குற்றச்சாட்டு. 'ஐடில்' பழைய ஆங்கிலத்தில் வெறுமை என்று பொருள்பட்டது. ஓடிக்கொண்டிருந்தும் வண்டியை நகர்த்தாத இயந்திரமும், சரக்கு வராததால் நிற்கும் துறைமுகப் பாரந்தூக்கியும், வேலை கிடைக்காத தொழிலாளியும் 'ஐடில்' ஆகலாம். இவற்றுள் எதுவும் 'லேஸி' அன்று. 'இண்டலென்ட்' என்பதன் வேர்ப்பொருள் வலியின்மை. வருத்தம் தரும் எதனையும் தவிர்த்துச் சொகுசாக வாழும் இயல்பு அதனால் சுட்டப்படுகின்றது. மருத்துவத்தில் அதன் பழைய பொருள் இன்னும் உயிரோடிருக்கின்றது. மெதுவாக வளரும் புற்றுநோய் வகைகளை மருத்துவர் 'இண்டலென்ட்' என்பர். அதனைக் கேட்டு 'சோம்பேறிக் கட்டி' என்று மொழிபெயர்ப்பது பொருந்தாது.

'லிஸ்ட்லெஸ்' என்னும் சொல்லில் உள்ள 'லிஸ்ட்' பட்டியலைக் குறிப்பதன்று. விருப்பத்தைக் குறித்த பழஞ்சொல் அது. எதிலும் நாட்டம் எழாமல் வாடியிருப்பவரே 'லிஸ்ட்லெஸ்'. 'ஆபதி' உணர்ச்சியின்மை. ஸ்டோயிக் மெய்யியலார் இதன் கிரேக்க மூலமான 'அப்பாதேயா'வை உயர்ந்த பண்பாகப் போற்றினர். மனத்தை அலைக்கும் உணர்ச்சிகளிலிருந்து விடுபட்ட அமைதியாக அதனைக் கண்டனர். இன்றைய ஆங்கிலத்தில் அது அக்கறையின்மையாகச் சுருங்கிவிட்டது. கபம் மிகுந்தவர் எனப் பொருள்படும் 'ஃப்ளெக்மாட்டிக்' இதற்கு எதிர்த்திசையில் சென்றது. பண்டை மேலை மருத்துவம் உடலின் நான்கு நீர்மங்களுள் கபம் மிகுந்தவரை மந்தமானவர் என்றது. வாதம், பித்தம், கபம் என்னும் நம் சித்த மருத்துவப் பகுப்பை அறிந்தோர்க்கு இது புதிதன்று. ஆயினும் இன்று நெருக்கடியிலும் பதறாதவரைப் பாராட்டவும் இச்சொல் பயன்படுகின்றது.

அறிவைப் பற்றிய சொற்கள்

மூன்றாம் தொகுதியில் ஆங்கிலம் பெரும்பாலும் உருவகங்களைக் கையாள்கின்றது. ஒவ்வோர் உருவகமும் அறிவைப் பற்றிய வேறொரு கருத்தைத் தன்னுள் கொண்டுள்ளது.

'டல்' என்பது கூர்மையின்மை. மழுங்கிய கத்தி, மங்கிய நிறம், மப்பான வானம், விட்டுவிட்டு வரும் கூர்மையற்ற வலி ஆகிய அனைத்துக்கும் இச்சொல் பொருந்தும். நாம் அறிவுடையோரைக் கூர்மதியர் என்பதும், மூளை மழுங்கிவிட்டது என்பதும் இதே உருவகந்தான். கத்தியைத் தீட்டலாம் என்னும் நம்பிக்கை இதில் எஞ்சியிருக்கின்றது. 'அப்டியூஸ்' என்பதன் வேரும் அடித்து மழுக்குதலே. மாணவர் இதனைக் கணிதத்தில் விரிகோணத்தின் பெயராக அறிவர். 90 பாகைக்கு மேல் விரிந்து முனை மழுங்கிய கோணம் அது. மனிதரைக் குறிக்கையில், கண்முன் உள்ளதையும் பிறர் குறிப்பாகச் சொல்வதையும் உணராதவரை அது சுட்டும். கற்றறிந்தவரும் 'அப்டியூஸ்' ஆக இருக்கலாம். 'டென்ஸ்' என்பது அடர்த்தி. எதுவும் உள்ளே நுழையாது என்பது அதன் உருவகம். 'ஸ்லோ' என்பது காலத்தைப் பற்றியது. வந்து சேரும், ஆனால் பிந்தி வரும் என்பது அதன் கருத்து.

'ஸ்டுப்பிட்' முன்னர்க் கண்ட 'ஸ்டூப்பர்' என்பதன் உடன்பிறப்பு. ஆங்கிலத்தில் நுழைந்த காலத்தில் அது திகைத்துச் செயலிழந்தவரையும் குறித்தது. வியந்து திகைக்கச் செய்யும் மாபெரும் செயலைக் குறிக்கும் 'ஸ்டூப்பெண்டஸ்' என்பதும் அவ்வேரில் கிளைத்ததே. ஆசிரியர் உரக்கக் கேட்ட வினாவால் அஞ்சி வாயடைத்து நிற்கும் மாணவர் அச்சொல்லின் பழம்பொருளில் மட்டுமே 'ஸ்டுப்பிட்'; இன்றைய பொருளில் அல்லர்.

'டம்' என்னும் சொல்லின் கதை நம் நெஞ்சைத் தொடுவது. பழைய ஆங்கிலத்தில் அது பேச இயலாதவரைக் குறித்தது. பின்னர் அறிவற்றவர் என்னும் பொருள் அதில் ஏறியது. பேசாதவருக்கு அறிவும் இல்லை என்னும் தவறான எண்ணம் ஒரு சொல்லுக்குள்ளேயே படிந்துவிட்டது. மலேசியாவில் ஆறாம் ஆண்டை முடித்துத் தேசிய மொழியில் நடைபெறும் இடைநிலைப்பள்ளிக்குச் செல்லும் தமிழ்ப்பள்ளி மாணவர் சிலர், படிவம் 1-க்கு முன் புகுமுக வகுப்பில் ஓராண்டு பயில்கின்றனர். பயிற்றுமொழி மாறுவதற்காக அமைந்த வகுப்பு அது. புதிய மொழியில் விடை சொல்லத் தயங்கும் அப்பிள்ளையின் அமைதி, அறிவைப் பற்றி எதனையும் நமக்குச் சொல்வதில்லை.

இவ்விடத்தில் தமிழ் பேசுவோர்க்கே உரிய ஒரு சிக்கலையும் குறிப்பிட வேண்டும். நம் பேச்சுத்தமிழில் 'இன்று ஏன் டல்லாக இருக்கிறாய்?' என்று கேட்கிறோம். முகம் வாடியிருப்பதையே கருதுகிறோம். அப்பழக்கத்தால், வருந்தியிருந்த நண்பரைப் பற்றி ஆங்கிலக் கட்டுரையில் 'டல்' என்று எழுதும் மாணவர் உள்ளனர். அதைப் படிக்கும் ஆங்கிலேயர், அந்த நண்பர் அறிவு குறைந்தவர் என்றோ சலிப்பூட்டுபவர் என்றோதான் கொள்வார். அன்போடு எழுதிய வரி இழிவுரையாகிவிடும்.

பெயர் சூட்டலின் வரலாறு

இச்சொற்கள் அறிவியலின் துணையோடு மனிதரை வகைப்படுத்தப் புறப்பட்டபோது நேர்ந்தது என்ன என்பதையும் ஆசிரியர்கள் அறிந்திருத்தல் நன்று. 1905-இல் பாரிசு நகரில் ஆல்ஃபிரட் பினே என்னும் உளவியலாளர், தியோடர் சிமோனுடன் இணைந்து ஓர் அறிவுத்திறன் சோதனையை உருவாக்கினார். பள்ளியில் கூடுதல் உதவி தேவைப்படும் பிள்ளைகளைக் கண்டறிவதே அதன் நோக்கம். அறிவு பிறப்பிலேயே அளந்து முடிந்துவிட்ட ஒன்று என்னும் கருத்தைப் பினே ஏற்கவில்லை. பயிற்சியால் அது வளரும் என்றே வாதிட்டார்.

அச்சோதனை அமெரிக்காவுக்குச் சென்றபோது நோக்கம் மாறியது. ஹென்றி காடர்ட் என்னும் உளவியலாளர், மக்களைத் தரம் பிரிக்க அதனைப் பயன்படுத்தினார். 1910-இல் கிரேக்க வேரிலிருந்து 'மோரான்' என்னும் புதிய சொல்லை உருவாக்கி, அதற்குக் கீழே 'இம்பெசில்', 'இடியட்' என்னும் படிகளை வைத்தார். அறிக்கைகளில் இடம்பெற்ற இக்கலைச்சொற்கள் வெகுவிரைவில் தெருச்சண்டையின் வசைச்சொற்களாயின. அவற்றுக்கு மாற்றாகப் பண்பான சொல் என்று கருதப்பட்ட 'ரிட்டார்டேஷன்' என்பதன் பொருள் தாமதப்படுதல் மட்டுமே. அதுவும் வசையாயிற்று. 2010-இல் அமெரிக்கக் கூட்டரசு, ரோசாவின் சட்டம் என வழங்கும் சட்டத்தின் வழி அதனைத் தன் சட்டங்களிலிருந்து நீக்கி, 'அறிவுசார் குறைபாடு' என்னும் பொருளுடைய தொடரை ஏற்றது.

சொல்லை மாற்றினால் மட்டும் போதாது என்பதை இவ்வரலாறு காட்டுகின்றது. பார்வை மாறாதவரை, புதிய சொல்லும் பழைய வசையின் நிறத்தைப் பெற்றுவிடும். நம் வட்டாரத்திலும் கல்வியைப் பற்றிய சொற்களில் வேகம் ஓர் அளவுகோலாக இருந்துள்ளது. சிங்கப்பூரில் 2024-இல் உயர்நிலை ஒன்றில் சேர்ந்த மாணவர் தொடங்கி விரைவுநிலை, வழக்கநிலை என்னும் பிரிவுகள் நீக்கப்பட்டன. விரைவு என ஒரு பிரிவுக்குப் பெயரிட்டால், மற்றொரு பிரிவு மெதுவானது என்னும் எண்ணம் சொல்லாமலே பிறந்துவிடும்.

தமிழின் சொல்வளம்

ஆங்கிலச் சொற்களுக்கு ஈடாக 'மந்தம்', 'சோம்பல்' என்னும் இரண்டையே மீண்டும் மீண்டும் கையாள்வது நம் பழக்கத்தின் குறை. தமிழிடம் அக்குறை இல்லை. உழைத்ததால் வருவது களைப்பு. உடல் நலிவால் வருவது அசதி. ஆற்றல் குன்றுவது தளர்ச்சி. உள்ளம் தாழ்வது சோர்வு. முயல மனமில்லாதது சோம்பல். பொறுப்பிருந்தும் பொருட்படுத்தாதது மெத்தனம். உணர்வற்றுப்போவது மரத்தல். வியப்பால் செயலிழப்பது மலைப்பு. கல்லாததால் தெரியாதிருப்பது அறியாமை. நன்மை தீமை பிரித்தறியாதது பேதைமை. மேற்கண்ட நான்கு வினாக்களை இச்சொற்களிடமும் கேட்டுப் பார்த்தால், ஒவ்வொன்றும் வேறு விடை தருவதைக் காணலாம்.

திருவள்ளுவர் இப்பகுப்பைத் தெளிவாக அமைத்துள்ளார். ஊக்கமுடைமை 60-ஆம் அதிகாரம், மடியின்மை 61, ஆள்வினையுடைமை 62. சோம்பலை அவர் ஊக்கத்துக்கும் முயற்சிக்கும் இடையே வைத்தார். பேதைமையோ 84-ஆம் அதிகாரத்தில் உள்ளது. சோம்பலை முயற்சியின் பக்கத்திலும் அறிவுக்குறையை வெகுதொலைவிலும் வைத்த அந்த முறைவைப்பு, இரண்டையும் கலந்து பேசும் நமக்கு ஒரு பாடம்.

'மந்தம்' என்னும் சொல்லுக்கும் ஒரு நல்ல பக்கம் உண்டு. மந்தமாருதம் என்பது இதமாக வீசும் தென்றல். வானில் மெல்ல நகர்ந்து கதிரவனைச் சுற்றிவர ஏறத்தாழ 29½ ஆண்டுகள் எடுத்துக்கொள்ளும் சனிக்கோளை நம் முன்னோர் மந்தன் என்றனர். வயிற்று மந்தம் செரிமானக் குறையையும், காது மந்தம் கேட்கும் திறன் குறைவையும் சுட்டும். கடைசிப் பொருளை ஆசிரியர்கள் மறவாதிருத்தல் வேண்டும். கடைசி வரிசையில் அமர்ந்து, வினாவைச் சரியாகக் கேட்க இயலாமல், பிறர் எழுதியதைப் பார்த்துப் பின்தொடரும் ஒரு பிள்ளைக்குக் காது மந்தம் இருக்கலாம். அதனை அறியாமல் அறிவு மந்தம் என்று முடிவு செய்தால், மருத்துவரிடம் செல்ல வேண்டிய பிள்ளை தண்டனைக்கு உள்ளாகும்.

இலக்கணமும் இங்கே துணைசெய்கின்றது. 'சோம்பலாக இருக்கிறான்' என்னும் தொடர் இன்றைய நிலையைக் கூறுகின்றது. 'சோம்பேறி' என்னும் பெயரோ ஆளையே அந்நிலையோடு பிணைத்துவிடுகின்றது. ஆங்கிலத்திலும் 'லெதார்ஜிக்' என்பது வந்து நீங்கக்கூடிய நிலை. 'ஸ்லகார்ட்' என்பது ஆளுக்கே வைத்த பெயர். நிலையைக் கூறும் தொடர் மாற்றத்துக்கு இடம் தருகின்றது. ஆளுக்கு வைத்த பெயர் எளிதில் அகல்வதில்லை.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

மாணவர்க்கு இச்சொற்களைப் பட்டியலாகக் கொடுத்து மனப்பாடம் செய்யச் சொல்வதைவிட, மனிதர்களைக் கொடுத்துச் சொற்களைத் தேடச் சொல்வது பயன் தரும். தேர்வுக்காக மூன்று இரவுகள் விழித்த மாணவி. குடும்பத்தில் இறப்பு நேர்ந்த பின் எதிலும் நாட்டமில்லாத சிறுவன். ஆணை வராததால் காத்திருக்கும் ஊழியர். வீட்டுப்பாடத்தை நாள்தோறும் ஒத்திப்போட்டு விளையாடும் தம்பி. நண்பரின் வருத்தத்தை உணராமல் நகைச்சுவை பேசும் அறிவாளி. இவ்வைவருக்கும் உரிய ஆங்கிலச் சொல் எது, தமிழ்ச் சொல் எது, ஏன் என்று மாணவர் வாதிடட்டும். முதலாமவர் 'லாசிட்யூட்', இரண்டாமவர் 'லிஸ்ட்லெஸ்', மூன்றாமவர் 'ஐடில்', நான்காமவர் 'லேஸி', ஐந்தாமவர் 'அப்டியூஸ்' என்பதை நான்கு வினாக்களின் வழி அவர்களே கண்டடைவர். பழி சுமத்தத்தக்கவர் ஐவருள் எத்தனைபேர் என்றும் அவர்களிடம் கேட்கலாம்.

ஆசிரியர்களாகிய நாம் தேர்ச்சி அறிக்கை எழுதும்போது, பண்பைச் சுட்டும் சொல்லுக்கு மாறாக, கண்ட செயலைக் கூறும் வாக்கியத்தை எழுதலாம். 'சோம்பேறி' என்பதற்கு மாறாக, 'கட்டுரையைத் தொடங்கிவிடுகிறார். இரண்டாம் பத்திக்குப் பின் தொடர்வதில்லை' என்று எழுதினால், பெற்றோர் எங்கே உதவ வேண்டும் என்பது விளங்கும். 'மந்தம்' என்பதற்கு மாறாக, 'வாய்மொழி வினாவுக்கு விடை சொல்ல நேரம் தேவைப்படுகின்றது. எழுத்தில் நன்றாகச் செய்கிறார்' என்று எழுதினால், அடுத்த ஆண்டு அப்பிள்ளையை ஏற்கும் ஆசிரியர் காத்திருக்கக் கற்றுக்கொள்வார். காலை வேளையில் தொடர்ந்து உறங்கிவிழும் பிள்ளையைப் பற்றி எழுதுமுன், உறக்கம், உணவு, உடல்நலம், வீட்டுச்சூழல் ஆகியவற்றைப் பெற்றோரிடம் கேட்டறியலாம். ஒருகால் அப்பிள்ளை உண்மையிலேயே சோம்பியிருந்தால், அதனைச் சொல்வதிலும் தவறில்லை. காரணங்களை ஆராய்ந்த பின் கூறப்படும் கண்டிப்பைப் பிள்ளைகளும் ஏற்றுக்கொள்வர்.

மாணவர்களும் தங்களைப் பற்றிப் பேசும்போது இந்நுட்பத்தைக் கடைப்பிடிக்கலாம். 'எனக்குக் கணக்கு வராது, நான் டல்' என்று கூறும் மாணவர், தம்மீது தாமே ஒரு பெயரை ஒட்டிக்கொள்கிறார். 'பின்னத்தில் வகுத்தல் எனக்கு இன்னும் விளங்கவில்லை' என்று கூறுபவர், ஆசிரியரிடம் கேட்பதற்கு ஒரு வினாவைப் பெற்றுவிடுகிறார். அவ்வினாவோடு அவர் வரும்போது, விடை சொல்ல நாம் ஆயத்தமாக இருத்தல் வேண்டும்.